ஓடுகிறவர்களுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை: தேதி குறித்த பிறகு செய்ய வேண்டியவை

"இடுப்பு வலி" என்று நம் ஊரில் யாராவது சொன்னால், அவர் கை தானாக முதுகின் அடிப்பக்கத்துக்குத்தான் போகும். குடம் வைப்பதும் ஒட்டியாணம் பூட்டுவதும் அங்கேதானே. மருத்துவர் சொல்லும் இடுப்பு மூட்டு அங்கே இல்லை. தொடை எலும்பு உடம்போடு சேரும் இடம் அது. தொடைச் சந்துக்கு உள்ளே ஆழத்தில் இருக்கிறது. அந்த மூட்டு கெட்டால் வலி பெரும்பாலும் தொடைச் சந்தில் தெரியும். சிலருக்குத் தொடை வழியாக இறங்கி முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அப்படித்தான். வலது முழங்காலுக்குத் தைலம் தேய்த்தே எட்டு மாதம் போயிற்று. கடைசியில் ஒரு மருத்துவர் என்னைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்பினார். தொடைச் சந்தில் சுரீரென்றது. "முழங்காலை விடுங்கள், இடுப்புக்கு எக்ஸ்ரே எடுங்கள்" என்றார்.

அந்த மூட்டை மாற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேலூர்க் கோட்டையை ஒட்டி விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதால், இதே நிலைக்கு வரும் ஓட்டக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். போன மாதம் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். "அக்கா, தேதி கொடுத்துவிட்டார்கள். ஓடுகிற உடம்புதானே, தனியாக என்ன தயார் செய்ய வேண்டியிருக்கிறது?" என்றார். நிறைய இருக்கிறது. அதிலும் ஓடுகிறவருக்கென்றே சில உண்டு. நான் மருத்துவரல்ல; உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே சரி. அவர் பேசுவது புரியவும், அவரிடம் என்ன கேட்பது என்று தெரியவும் இது உதவும்.

எதை எடுக்கிறார்கள், எதை வைக்கிறார்கள்

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கேற்ற ஒரு கிண்ணம். இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு பூசினாற்போல் இருக்கும். குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்பும் எலும்பும் உரசும். முதலில் போவது சம்மணம். பிறகு கால் நகம் வெட்ட முடியாது, ஷூ நாடா கட்டக் கை எட்டாது. தேய்மானம் மட்டும் காரணமில்லை. பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவது நம் நாட்டில் இளம் வயதினரிடமே காணப்படுகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் மிகுதியாகக் குடிப்பவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். பிறவியிலேயே கிண்ணம் ஆழமில்லாமல் இருப்பது, மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதம், பழைய எலும்பு முறிவு ஆகியவையும் உண்டு.

அறுவையில் பந்தை வெட்டி எடுத்துவிட்டு, தொடை எலும்பின் உட்குழலுக்குள் ஓர் உலோகத் தண்டைச் செருகி, அதன் தலையில் உலோகத்தாலோ செராமிக்காலோ ஆன பந்தைப் பொருத்துகிறார்கள். கிண்ணத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதுக் கிண்ணம் பதிக்கிறார்கள். அதன் உள்ளே பெரும்பாலும் பாலிஎதிலின் என்ற பிளாஸ்டிக் உறை இருக்கும். சிலருக்கு எலும்பு சிமெண்ட் போட்டு ஒட்டுவார்கள். இளையவர்களுக்குப் பெரும்பாலும் சிமெண்ட் இல்லாமல் இறுக்கிப் பொருத்துவார்கள். சொரசொரப்பான அந்த உலோகத்தின் மேல் நம் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிமானத்துக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். அறுவைக்குப் பிறகு "வலியே இல்லையே, ஓடினால் என்ன?" என்று தோன்றும் நாளில் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டக்காரர் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கிறது. ஓடித்தான் மூட்டைக் கெடுத்துக்கொண்டோம் என்று வீட்டில் சொல்வார்கள், நாமும் நம்பிவிடுவோம். 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இடுப்பு, முழங்கால் தேய்மானம் உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 விழுக்காட்டினரிடமும், ஓடாமல் இருக்கிறவர்களில் 10.2 விழுக்காட்டினரிடமும் இருந்தது. போட்டி அளவில் கடுமையாக ஓடுகிறவர்களிடம் மட்டும் 13.3 விழுக்காடு. கோட்டையைச் சுற்றி ஓடுகிற நம்மைப் போன்றவர்கள் அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கிவைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போகலாம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: ஓடுகிறவருக்குத் தொடைச் சந்து வலித்தால் எல்லாமே தேய்மானம் ஆகிவிடாது. தொடை எலும்பின் கழுத்தில், அதாவது பந்துக்குச் சற்றுக் கீழே, நுண்ணிய விரிசல் விழுந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். அதோடு ஓடினால் எலும்பு முறிந்தே போகலாம். அப்படி வலி வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் காரணம் தேட வேண்டும்.

மறுபடி ஓடலாமா?

எல்லோரும் கேட்க விரும்பும் கேள்வி இது; கேட்கக் கூச்சப்படும் கேள்வியும் இதுதான். கேளுங்கள், அதுவும் அறுவைக்கு முன்பே கேளுங்கள். அதற்கு முன் ஒரு பழைய கதை தெரிந்திருப்பது நல்லது.

இன்றைய அறுவைக்கு வடிவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1950-களின் கடைசியில் அவர் கிண்ணத்துக்கு டெஃப்லானைப் பயன்படுத்தினார். வழுக்கும் பொருள், நன்றாக அசையும், நோயாளிகளுக்கு மகிழ்ச்சி. சில ஆண்டுகளில் அது தேய்ந்தது. தேய்ந்த துகள்களை உடம்பு எதிர்த்ததில் மூட்டைச் சுற்றியுள்ள திசு கெட்டு, மூட்டுகள் தளர்ந்தன. போட்டவற்றை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. அடுத்த பொருளை நம்புவதற்கு முன் அவர் டெஃப்லான் துகளையும் பாலிஎதிலின் துகளையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு, உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்தார். 1962-ல் பாலிஎதிலின் கிண்ணம் வந்தது. அந்த வழியில் வந்ததைத்தான் இன்றும் வைக்கிறார்கள்.

மூட்டு மாற்றியவர்களை மருத்துவர்கள் ஓட வேண்டாம் என்று சொல்லிவந்ததற்கு அந்தத் தேய்மானமே பெரிய காரணம். நடக்கும்போதே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு அளவுக்குப் பாரம் விழுகிறது; ஓடும்போது அதைவிட அதிகம். 1990-களின் கடைசியிலிருந்து புழக்கத்துக்கு வந்த புதுவகைப் பாலிஎதிலின் மிகக் குறைவாகவே தேய்கிறது. அதனால் இப்போது மருத்துவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. நடை, சைக்கிள், நீச்சலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறவர்களே மிகுதி. முன்பே ஓடிப் பழகியவர், தசை பலமாக இருக்கிறது, எக்ஸ்ரேயில் தண்டு நன்றாகப் பிடித்திருக்கிறது என்றால் அளவோடு அனுமதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் ஆறு மாதம், ஓராண்டு கழியாமல் அந்தப் பேச்சை எடுக்க விடுவதில்லை. 2019-ல் ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், மாற்றிய இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய 58 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைத்திருந்தன. நாற்பத்தைந்து வயதில் மாற்றிக்கொள்கிறவருக்கு இன்னொரு அறுவை வரக்கூடும் என்பதை அந்த எண் சொல்கிறது. இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினமானது. ஓடுவதா வேண்டாமா என்பதை இதையெல்லாம் மேசையில் வைத்துத்தான் பேச வேண்டும்.

என் மருத்துவர் "வேண்டாம்" என்றார். நான் நடக்கிறேன். வெளியூர்த் தோழி ஒருத்தியின் மருத்துவர் அனுமதித்தார், அவள் மெதுவாக ஓடுகிறாள். இரண்டும் நல்ல முடிவுகள் என்றே நினைக்கிறேன்.

வலியைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள்

வேலூரில் இருந்துகொண்டு வலியைப் பற்றிப் பேசினால் டாக்டர் பால் பிராண்டை நினைக்காமல் இருக்க முடியாது. கொல்லிமலையில் பிறந்தவர், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போய்விடுவதால்தான் அவர்கள் அறியாமலே சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் விரல்களை இழக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். வலி நம்மைக் காக்கும் காவல் என்பது அவர் நம்மிடையே விட்டுப்போன பாடம்.

ஓட்டக்காரர் ஆண்டுக்கணக்கில் பழகுவது இதற்கு நேர் எதிரான பழக்கம். கடைசி ஐந்து கிலோமீட்டரில் கால் கெஞ்சும்போது காதைப் பொத்திக்கொள்ளப் பழகிவிட்டோம். அறுவைக்குத் தயாராகும்போது நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்த முதல் பழக்கமும், மிகக் கடினமாக இருந்ததும் அதுதான். மருத்துவர் "வலி எவ்வளவு?" என்று கேட்டபோது "சமாளிக்கலாம்" என்றே ஓராண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். ஓட்டத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று வலி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லவே இல்லை. முன்பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் கூடுதலாக இருந்தது. மயக்க மருந்து மருத்துவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாளைக்கு எத்தனை மாத்திரை?" என்று கேட்டார். அவரிடம் மறைக்க முடியவில்லை. வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும், வயிற்றைப் புண்ணாக்கும், சில வகைகள் ரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தும். கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியது, நாட்டு மருந்துப் பொடி, ஓட்டக்காரர்கள் எடுக்கும் சத்து மாவு, எல்லாவற்றையும் உறையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை ஆகியவற்றில் எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர்களே சொல்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அந்தத் தேதியை மறக்காமல் சொல்லுங்கள். ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் அறுவை செய்தால் கிருமித்தொற்று ஆபத்து கூடுகிறது.

ஓடுகிறவர் சொல்ல வேண்டிய இன்னொன்று, நாடித் துடிப்பு. நீண்ட நாள் ஓடியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு ஐம்பதுக்குக் கீழேகூடத் துடிக்கும். முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசி ரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் இறக்கக்கூடியது. உங்கள் வழக்கமான துடிப்பு எவ்வளவு என்று மயக்க மருந்து மருத்துவருக்கு முன்பே தெரிந்திருந்தால், எது இயல்பு, எது இறக்கம் என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியும். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் ஒரு வாரம் எண்ணிக் குறித்துக்கொண்டு போங்கள்.

பாதம், ரத்தம், பல்

மாற்று மூட்டின் பெரிய எதிரி கிருமி. உலோகத்தின் மேல் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் மருந்தால் மட்டும் அதை விரட்டுவது கடினம். உடம்பில் எங்கே சிறு புண் இருந்தாலும் அதை ஆற்றிவிட்டுத்தான் தேதி.

எனக்குக் குறித்த தேதி ஒருமுறை தள்ளிப்போனது இதனால்தான். சேர்க்கை அன்று மாலை ஒரு செவிலியர் சிறு டார்ச் விளக்கோடு வந்தார். கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என் கால் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே தோல் வெளுத்து, ஊறிய அவல் போல உரிந்து, அடியில் சிவப்பாக ஒரு கீறல். வியர்வை ஊறிய காலுறையோடு ஓடி ஓடி வந்த பூஞ்சைப் புண். எனக்கு அது ஒரு புண்ணாகவே தெரிந்ததில்லை. "இது ஆறட்டும் அம்மா, மூன்று வாரம் கழித்துப் பார்ப்போம்" என்றார். அன்று அழுகை வந்தது. இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன். தேதிக்கு ஒரு மாதம் முன்பே பாதத்தைப் பாருங்கள். கறுத்த நகம், கொப்புளம், குதிகால் வெடிப்பு, விரலிடுக்கு எதையும் விட்டுவிடாதீர்கள். சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல் இருந்தாலும் முன்பே சொல்லி வைத்தியம் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மூன்று மாத சராசரி அளவு பெரும்பாலான இடங்களில் 7.5 அல்லது 8-க்குக் கீழே வந்தால்தான் தேதி கொடுப்பார்கள்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. நெடுந்தூரம் ஓடும் பெண்களுக்கு இரும்புச்சத்து இன்னும் குறையும். அறுவையில் ரத்தம் போகும் என்பதால், போவதற்கு முன்பே சேர்த்துவைக்க வேண்டும். இரண்டு மாதமாவது ஆகும். இரும்பு மாத்திரையைக் காபியோடும் டீயோடும் விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. மூட்டுக்குப் பாரம் என்று பயந்து அறுவைக்கு முன் பட்டினி கிடப்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கொள்ளு, வேர்க்கடலை, பருப்பு போட்ட முருங்கைக்கீரையோடு கேழ்வரகுக் களி என்று நம் வடாற்காட்டுச் சமையலிலேயே எல்லாம் இருக்கிறது.

எந்தத் தசையைப் பழக்குவது

ஓடுகிறவரின் தொடை பலமாக இருக்கும். ஆனால் ஓராண்டு நொண்டி நடந்தவருக்கு இடுப்பின் பக்கவாட்டுத் தசை மெலிந்துபோயிருக்கும். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்திருப்பது அந்தத் தசைதான். கண்ணாடி முன் நின்று ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள். தூக்கிய பக்கம் இடுப்பு இறங்கினால், ஊன்றிய காலின் பக்கத் தசை சோர்ந்திருக்கிறது என்று பொருள். அறுவைக்குப் பின் நொண்டாமல் நடப்பது பெரிதும் இதைப் பொறுத்திருக்கிறது.

எனக்குப் பிசியோதெரபிஸ்ட் கொடுத்தவை மிக எளிய பயிற்சிகள். ஒருக்களித்துப் படுத்து மேல் காலை முட்டி மடக்காமல் ஒரு சாண் உயர்த்தி இறக்குவது. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிப் பிட்டத்தைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. கைகளுக்கும் உண்டு, ஏனென்றால் வாக்கரைப் பிடித்து உடம்பைத் தாங்கப்போவது கைகள்தான். பத்துப் பத்தாக நாளைக்கு இரண்டு வேளை. நான் முதல் வாரமே ஐம்பது ஐம்பதாகச் செய்து, வலி கூடி, நான்கு நாள் படுத்துக்கிடந்தேன். கெட்டுப்போன மூட்டு ஓட்டப் பயிற்சியைப் போல ஏற்றிக்கொண்டே போக இடம் கொடுக்காது. பயிற்சி முடிந்து அன்றிரவு வலி கூடினால் மறுநாள் குறையுங்கள். மூச்சுத்திறனுக்கு, இருக்கையை உயர்த்திய நிலைச் சைக்கிள் போதும். வேலூரின் சித்திரை வெயிலில் வீட்டுக்குள் செய்ய அதுதான் முடிகிறது. நீந்தத் தெரிந்தால் இன்னும் நல்லது. அறுவைக்குப் பிறகு மட்டும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கிணற்றுப் பக்கம் போகக்கூடாது.

ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது மூட்டு என்றால் இடது கை. அப்போதுதான் வலப்பக்கத் தசையின் வேலை குறைந்து மூட்டின் மேல் விழும் பாரம் இறங்கும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் அறுவைக் காலும் முதலில். இதை அறுவைக்கு முன்பே வீட்டுப் படியில் பத்து நாள் பழகிவிடுங்கள். மயக்கமும் வலியும் கலந்த தலையோடு புதிதாகக் கற்பது சிரமம்.

வீடு

நம் வீடுகள் தரையோடு வாழும் வீடுகள். அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களுக்கு, அறுவை செய்த முறையைப் பொறுத்து, இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்காதே, கால் மேல் கால் போடாதே, பாதத்தை உள்பக்கம் திருப்பாதே என்பார்கள். மீறினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். குந்தும் கழிப்பறை, சம்மணச் சாப்பாடு, வாசலில் குனிந்து கோலம், தரையில் பாய் எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும். மேற்கத்தியக் கழிப்பறை இல்லாவிட்டால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கியோ வாடகைக்கோ ஏற்பாடு செய்யுங்கள். உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி நாற்காலியும் கட்டிலும் உயரமாக இருக்க வேண்டும். நாற்காலிக்குக் கை இருக்க வேண்டும். வழுக்கும் மிதியடிகளைச் சுருட்டி வையுங்கள். அரிசி டப்பா, தோசைக்கல், குடிநீர் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வரட்டும். முதல் இரண்டு வாரம் கூடவே ஒருவர் இருக்க வேண்டும் என்பதை இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். என் நாத்தனார் ஆரணியிலிருந்து வந்து பதினைந்து நாள் இருந்தார். அவர் இல்லாமல் காலுறை மாட்டக்கூட என்னால் முடிந்திருக்காது. ரத்தக்கட்டி வராமலிருக்கப் போடும் இறுக்கக் காலுறையைச் சிலருக்குக் கொடுப்பார்கள். நம் ஊர்க் கோடையில் அது பெரும் துன்பம். மருத்துவர் அவசரமில்லை என்று சொன்னால் கார்த்திகை, மார்கழியில் தேதி கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், ஒப்புதல் வாங்கும் முறையை மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டுவைப்பது நல்லது.

முந்தைய நாளும் அன்று காலையும்

கொடுக்கும் கிருமிநாசினிச் சோப்பில் குளிக்கச் சொல்வார்கள். முடியை நீங்களாகச் சவரம் செய்ய வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். நகப்பூச்சையும் மருதாணியையும் தவிர்த்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்ட வேண்டும். பொதுவாகத் திட உணவை ஆறு மணி நேரம் முன்பும், தெளிந்த நீரை இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரமே உங்களுக்குக் கணக்கு. பையில் வழுக்காத அடியும் பின்பக்கப் பிடிப்பும் உள்ள செருப்பு, தளர்ந்த உடை, பழைய எக்ஸ்ரேக்கள், மாத்திரைப் பட்டியல். ஓட்ட ஷூவை எடுத்துப்போனால், அறுவைக்குப் பின் கால் வீங்கும் என்பதால் நாடாவைத் தளர்த்தி வையுங்கள்.

அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்கவைப்பார்கள். பயப்படாதீர்கள், அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். நின்றவுடன் அறுவைக் கால் நீளமாகிவிட்டது போலத் தோன்றும். ஆண்டுக்கணக்கில் சாய்ந்து நின்ற உடம்பு நேராவதால் பலருக்கு அப்படித் தோன்றி, சில வாரங்களில் சரியாகும். சரியாகாவிட்டால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும் முன் மருத்துவர் வந்து, மாற்ற வேண்டிய காலில் மையால் ஓர் அம்புக்குறி போடுவார். எந்தக் கால் என்று உங்கள் வாயால் சொல்லச் சொல்வார். தூக்கக் கலக்கத்தில் தலையாட்டாமல், "வலது" என்றோ "இடது" என்றோ உரக்கச் சொல்லுங்கள். அம்பு அந்தக் காலில்தான் இருக்கிறதா என்று போர்வையை விலக்கி நீங்களும் ஒருமுறை பாருங்கள்.